அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது

போன மாதப் பயிற்சி வகுப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, இல்ஃபோர்டில் வளர்ந்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: “அங்கிள், நீங்கள் வின் பண்ணின கேஸ் எல்லாம் சொல்லிப்போட்டீங்கள். லூஸ் பண்ணினது ஒண்டும் இல்லையா?” மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

தோற்ற வழக்குகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை சட்டத்தால் தோற்றவை. அவற்றைப் பற்றிப் பேசுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. என்னால் தோற்றது ஒன்று இருக்கிறது. அதை இதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அகதி வழக்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இப்போது எழுதுகிறேன். படிவம் நிரப்புவதையும் காலக்கெடு பார்ப்பதையும் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித்தருவார்கள்.

நான் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து லண்டன் வந்தவன். அங்கே சட்டக் கல்லூரியில் கடைசிப் பரீட்சை வரை படித்திருந்தேன். இங்கே அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்றபின், ஸ்ட்ரெதமில் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். கீழே கம்பளம் விற்கும் கடை, மேலே நாங்கள். வெள்ளைக்காரப் பெண் சட்டத்தரணி ஒருவர் நடத்தினார். அவருடைய பெயரை நான் எழுதவில்லை, அவர் அதை விரும்பமாட்டார். எனக்குத் துணையாகச் சிவநேசன் என்று ஒரு தம்பி இருந்தான். வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் பெடியள், இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழ் இளைஞர்கள். மிச்சப் பேர் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு மாரிகாலச் செவ்வாய்க்கிழமை, ஸ்டீவன் படியேறி வந்தார். அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. வயது முப்பத்திரண்டு. உகண்டாவில், ஜிஞ்சா என்ற பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆண்கள் விடுதிப் பாடசாலை ஒன்றில் இரசாயனம் படிப்பித்தவர். தேவாலய மாநாடு ஒன்றுக்கென்று விசா எடுத்து வந்திருந்தார். விசா முடிய மூன்று வாரம் இருந்தது. கோட்டின் பொத்தான்கள் எல்லாவற்றையும் பூட்டியபடியே அமர்ந்திருந்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்.

“எதற்காகத் திரும்பிப் போகப் பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“என் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. என் நண்பர் ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். அவருடைய பையில் நான் எழுதிய கடிதங்கள் இருந்தன.”

“நண்பர் அரசியலில் இருந்தவரா?”

அவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “யோசித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி எழுந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் அரசியல் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. நான்தான் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அப்போது உகண்டாவின் வடக்கிலும் கிழக்கிலும் சண்டை நடந்தது. அங்கிருந்து வந்தவர்கள் எல்லாரும் அரசியல் காரணம்தான் சொன்னார்கள். எங்கள் பெடியளிடமும் நான் அதைத்தான் முதலில் கேட்பேன். பழக்கதோஷத்தில் வந்த கேள்வி அது.

வியாழக்கிழமை திரும்பி வந்தார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். சாத்தினேன்.

“மிஸ்டர் நாதன், அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை என்பதுதான். பீட்டருக்கும் எனக்கும் அரசியல் கிடையாது. நாங்கள் ஆறு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். கணவனும் மனைவியும் வாழ்வது போல.”

பீட்டர் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அயலவர் ஒருவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பொலிஸ் பீட்டரை வேலை செய்யும் இடத்திலேயே பிடித்துப் பையைக் கொட்டியது. கடிதங்களை வாசித்துச் சிரித்தபடி அவருடைய கையை முறித்திருக்கிறார்கள். அந்தப் பொலிஸ் நிலையத்தில் ஸ்டீவனிடம் படித்த பையன் ஒருவன் கான்ஸ்டபிளாக இருந்தான். அவன் பாடசாலை வாசலுக்கு வந்து, “சேர், இன்றைக்கே போய்விடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான்.

இதையெல்லாம் ஸ்டீவன் வகுப்பில் பாடம் சொல்வது போல ஒழுங்காகச் சொன்னார். பீட்டர் இன்னும் தடுப்பில் இருக்கிறார் என்று சொல்லும்போது மட்டும் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றித் திரும்பப் பூட்டினார்.

நான் பேனாவை மூடியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“இதை இனி யாரிடமும் சொல்லவேண்டாம்” என்றேன். “அகதிகள் உடன்படிக்கையில் ஐந்து காரணங்கள்தான் இருக்கின்றன. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு. உங்கள் விஷயம் ஒன்றிலும் வராது. சமூகக் குழு என்று வாதாடியவர்களை இங்கே குடிவரவு அலுவலகத்தில் சிரித்து அனுப்புகிறார்கள். இந்த நாட்டுப் பத்திரிகைகளைப் பாருங்கள், உங்களைப் போன்றவர்களைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று தெரியும்.”

நான் சொன்னதில் பாதி சட்டம். அன்றைய நிலைமை அப்படித்தான் இருந்தது. மற்றப் பாதியையும் சொல்லாவிட்டால் இதை எழுதிப் பயனில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்போது எனக்குத் தெரிந்த தமிழில் அவரைப் போன்றவர்களைக் குறிக்க இருந்தவை எல்லாம் வசைச்சொற்கள். தன்பாலீர்ப்பு என்ற சொல்லைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அந்தக் கோப்பு என் மேசையில் கிடக்கும்போது யாராவது புரட்டிப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றுகூட யோசித்தேன்.

வாக்குமூலத்தை நான் எழுதினேன். நண்பர் பிடிபட்டது, கடிதங்கள், முறிந்த கை, வாசலுக்கு வந்த கான்ஸ்டபிள் எல்லாம் உண்மை. ஒரு வரி மட்டும் நான் சேர்த்தது: அரசுக்கு எதிரானவர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் இருவரும் தேடப்பட்டோம் என்று.

ஸ்டீவன் அதை வாங்கி வாசித்தார். என் எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இது நடக்கவில்லையே.”

“இது உங்களைக் காப்பாற்றும்.”

“உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். படித்த மனிதர், ஆனால் இந்த நாட்டுச் சட்டம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நம்பினார்.

விண்ணப்பம் போனது. பதில் வர மாதங்கள் ஆயின. குரோய்டனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவருக்குச் சட்டி பானை கழுவும் வேலை கிடைத்தது. லீவு நாளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை என் மகள் அங்கே இருந்து இரசாயனப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டீவன் குனிந்து பார்த்து ஏதோ சொன்னார். அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். ஒரு மணித்தியாலம் அவர் படிப்பித்தார். அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பாடத்தைப் பார்த்து அவள் சிரித்ததே கிடையாது.

நான் அவளை உள்ளே கூப்பிட்டேன். ஒரு வேலையும் இல்லை. தபால்தலை எண்ணச் சொன்னேன்.

ஸ்டீவனுக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகு அவர் சனிக்கிழமைகளில் வருவதில்லை. “அந்த மாஸ்டரை வீட்டை வந்து படிப்பிக்கச் சொல்லுங்கோவன்” என்று என் மனைவி இரண்டு மூன்று தடவை கேட்டாள். “அவருக்கு நேரம் இல்லையாம்” என்றேன்.

அந்தக் கோடையில், வேறொரு வழக்குக்காக ஒரு சட்ட நூலகத்துக்குப் போனபோது, உகண்டாவின் குற்றவியல் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இயற்கை ஒழுங்குக்கு மாறான உடலுறவு, பதினான்கு வருடச் சிறை. அந்த வாசகத்தைத் திரும்ப வாசித்தேன். அது எனக்குப் பாடமாகத் தெரிந்த வாசகம். கொழும்பில் பரீட்சைக்காக மனனம் செய்த எங்கள் தண்டனைச் சட்டக் கோவையிலும் அதே சொற்கள்தான் இருந்தன. வெள்ளைக்காரன் ஒருவன் எழுதி, ஆண்ட நாடுகளுக்கெல்லாம் கொடுத்த சட்டம். அவன் தன் சொந்த நாட்டில், வயதுவந்த ஆண்கள் தனிமையில் செய்வது குற்றம் இல்லை என்று அதை மாற்றி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்களிடமும் உகண்டாவிடமும் அது அப்படியே கிடந்தது. அந்தப் பிரிவில் எனக்கு நல்ல புள்ளி கிடைத்திருந்தது. அதற்குள் ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்று அன்றைக்கு நான் யோசித்ததில்லை.

அப்போதும் நான் வாக்குமூலத்தைத் திருத்தவில்லை. திருத்த நேரம் இருந்தது. நேர்முகத்துக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. போட்டதைக் குழப்பவேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டில் உகண்டாவில் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வருடம் ஆயுள் தண்டனையாக உயர்ந்தது. ஸ்டீவன் அதை ஒரு பத்திரிகைத் துண்டில் கண்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். என் மேசையில் விரித்து வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.  பீட்டரைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

சில வாரங்களில் குரோய்டனில் நேர்முகம் நடந்தது. நான் அவருக்குப் பின்னால் சுவரோரமாக இருந்து குறிப்பெடுத்தேன். விசாரித்த அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். எந்தக் கட்சி, யார் தலைவர், எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள் என்று கேட்டார். ஸ்டீவனுக்குப் பொய் சொல்ல வராது. கட்சி இல்லை, கூட்டம் இல்லை என்றார். அதிகாரி பக்கத்தைப் புரட்டினார்.

“உங்கள் நண்பரிடம் எடுத்த கடிதங்களில் அரசியல் இருந்ததா?”

“இல்லை.”

“அப்படியானால் அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது?”

ஸ்டீவன் திரும்பி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. நான் தலையை நிமிர்த்தவில்லை. கொப்பியில் திகதியை இரண்டாவது தடவை எழுதினேன்.

“சொந்த விஷயங்கள்” என்றார் அவர்.

நிராகரிப்புக் கடிதத்தில் இதுதான் முக்கிய காரணமாக வந்தது. அரசியல் பற்றி ஒன்றும் தெரியாதவர், கடிதங்களின் உள்ளடக்கத்தைச் சொல்ல மறுத்தவர், நம்பமுடியாது. அவர்கள் எழுதியது பிழை என்று என்னால் சொல்லமுடியவில்லை. அந்த அரசியல் கதையை நம்பத்தான் கூடாது.

மேன்முறையீட்டுக்காகக் கோப்பு எங்கள் சட்டத்தரணியிடம் போனது. அவர் ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, கோப்பைத் திறந்தபடி கேட்டார்.

“கடிதங்களில் என்னதான் இருந்தது?”

நான் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவர் உன்னிடம் எப்போது சொன்னார்?”

“இரண்டாம் நாள் வந்தபோது.”

“அப்படியானால் இனி அவர் உண்மையைச் சொல்லவேண்டும். இப்போது சொன்னால் பொய் என்பார்கள். இரண்டாம் நாளே உன்னிடம் சொன்னார் என்பதற்கு நீதான் சாட்சி. நீயும் ஒரு வாக்குமூலம் எழுது. அவர் சொன்னதை மறைக்கச் சொன்னது நீ என்று எழுது. உன் பெயரைப் போட்டு எழுது.”

எனக்கு ஒரு வாரம் தந்தார்.

அந்த வாரத்தில் நான் நித்திரை கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். கொண்டேன். ஆனால் எழுந்ததும் அதே யோசனைதான். சிவநேசனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது.

“அண்ணை, நீங்கள் இதை எழுதிக் குடுத்தா என்ன நடக்கும் தெரியுமே? அந்த இமிகிரேஷன் ஒஃபிஸில நாதன் கதை கட்டுறவர் எண்டு பேர் விழும். பிறகு நீங்கள் எழுதின எங்கட பெடியளின்ர ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் தூக்கி எறிவாங்கள். இரண்டு அலுமாரி நிறையக் கிடக்கு. ஒராளுக்காக அவ்வளவு பேரையும் விடுறியளே?”

“அந்த ஒராள் செய்தது என்ன பிழை?”

“பிழை ஒண்டுமில்லை, அண்ணை. நான் அப்பிடிச் சொல்லேல்லை. பொய் எழுதுங்கோ எண்டும் சொல்லேல்லை. கொஞ்சம் பாத்து எழுதுங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

நான் பார்த்து எழுதினேன். முதல் சந்திப்பில் கட்சிக்காரர், அதாவது ஸ்டீவன், மனமுடைந்திருந்ததாலும், உச்சரிப்பு வித்தியாசத்தாலும், அவர் சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை, அதனால் காரணம் தவறாகப் பதிவாகிவிட்டது என்று எழுதினேன். இரண்டாம் நாள் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சட்டத்தரணி வாசித்தார். “இதுதான் நடந்ததா?” என்று கேட்டார்.

“கிட்டத்தட்ட.”

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு வேறு மூன்று வழக்குகள் இருந்தன. கோப்பில் வைத்துவிட்டார்.

ஸ்டீவனுக்கும் அதைக் காட்டினேன். “நீங்கள் என்னைச் சரியாக விளங்கிக்கொண்டீர்கள், மிஸ்டர் நாதன்” என்றார். தாளை என்னிடம் திருப்பித் தந்தார். அவர் எழுதிய புதிய வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். என்னைப் பற்றி மட்டும் எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை என்று நினைக்கிறேன். அல்லது என் அலுமாரியில் கிடந்த மற்றக் கோப்புகளை அவரும் கண்டிருப்பார்.

மேன்முறையீட்டு விசாரணையில் ஸ்டீவன் ஒன்றரை மணித்தியாலம் சாட்சி சொன்னார். ஆறு வருடத்தையும் சொன்னார். வீட்டில் இரண்டு கட்டில் போட்டு வைத்ததை, விருந்தாளி வந்தால் பீட்டர் பின்வாசலால் போவதை, ஒரே தேவாலயத்தில் வெவ்வேறு வரிசையில் இருந்ததை எல்லாம் அந்நியர்கள் முன்னால் சொன்னார். அரசு தரப்பில் வந்தவர் என் வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டினார். “நீங்கள் ஆங்கிலத்தில் இரசாயனம் படிப்பித்தவர். முதல் வாக்குமூலத்தை வாசித்து எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்துத்தானே இது? அப்படியிருக்க, உச்சரிப்பால் வந்த பிழை என்கிறீர்களா?”

“அப்படி நான் சொல்லவில்லை” என்றார் ஸ்டீவன். “அது அவர் சொன்னது.”

தீர்ப்பு ஆறு வாரத்தில் வந்தது. நடுவர் எழுதியது இதுதான். பிந்திச் சொன்ன கதையை நம்ப முடியாது. நம்பினாலும், அவரைப் போன்றவர்கள் உடன்படிக்கை சொல்லும் சமூகக் குழு அல்ல. அந்த நாட்டுச் சட்டம் எல்லாருக்கும் பொதுவான சட்டம், அதை மீறியதற்குத் தண்டிப்பது கொடுமைப்படுத்தல் ஆகாது. ஒதுக்கமாக வாழ்ந்தால் ஆபத்து வராது.

அன்றைக்கு இருந்த சட்டத்தில், நான் முழு உண்மையை எழுதியிருந்தாலும் தோற்றிருக்கலாம். இதை நான் இத்தனை வருடமாக எனக்கே சொல்லி வருகிறேன். ஆனால் முதலாவது காரணம் என்னால் வந்தது. பொய்யர் என்ற சொல் அவருடைய கோப்பில் ஏறியது என்னால்தான். சட்டம் மாறலாம், ஆனால் அந்தச் சொல்லைக் கோப்பிலிருந்து எடுப்பது லேசில்லை.

எங்கள் சட்டத்தரணி அடுத்த நாள் என் மேசைக்கு வந்தார். “இனிமேல் ‘கிட்டத்தட்ட’ என்று நீ சொன்னால் நான் கோப்பைத் திருப்பித் தருவேன்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் சித்திரை மாதத்தில், குடிவரவு அலுவலகத்தில் வழமையான கையெழுத்து வைக்கப் போன இடத்தில் ஸ்டீவனைப் பிடித்துக் கட்விக் விமான நிலையத் தடுப்பில் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பின்னேரம் ஐந்து மணிக்கு விமானம். நான் கூப்பிட்டது அதற்காக இல்லை. என் பெட்டியை ஹோட்டல்காரர்கள் கட்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. தீர்ப்பின் பிரதியும் என் வாக்குமூலமும் அதற்குள்தான். பெட்டியை என்னிடம் தரமாட்டார்கள். நேராக விமானத்தில் ஏற்றுவார்களாம்.”

எனக்கு உடனே விளங்கியது. லண்டனில் யாரும் நம்பாத அந்தத் தாள்களை, அங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறப்பவர்கள் வரிக்கு வரி நம்புவார்கள். அவருடைய பெயர், பீட்டரின் பெயர், ஆறு வருடம், எல்லாம் அரச முத்திரையோடு இருந்தது.

நான் தடுப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பயணப்பொதி பூட்டி முத்திரை வைத்தாயிற்று என்றார்கள். ஸ்ட்ரெதமில் ரயில் ஏறி, கிழக்குக் குரோய்டனில் மாறி, பகல் ஒரு மணிக்குக் கட்விக் போய்ச் சேர்ந்தேன். வரவேற்பு மேசையில் ஓய்வு வயதை நெருங்கிய ஒரு பெண் அதிகாரி இருந்தார். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள்.

“அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஓர் உறையை எடுக்கவேண்டும்” என்றேன்.

“முடியாது. காரணம் என்ன?”

நான் சுற்றிவளைக்கத் தொடங்கினேன். அந்தரங்க ஆவணம், சட்டத் தொடர்பு, கட்சிக்காரரின் உரிமை என்று. அவர் தலையை ஆட்டி, அடுத்தவரைக் கூப்பிடக் கையை உயர்த்தினார்.

“அவர் ஆண்களை விரும்பும் ஆண்” என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. “அவருடைய நாட்டில் அதற்கு ஆயுள் தண்டனை. அந்த உறையில் அது எழுதியிருக்கிறது. அது அவருடன் போனால் அவர் விமான நிலையத்தைத் தாண்டமாட்டார்.”

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இவ்வளவு காலமாக நான் எழுதாத வசனம் அது. அந்த அம்மா உயர்த்திய கையை இறக்கினார். பிறகு தொலைபேசியில் உள்ளே யாரிடமோ பேசி, ஸ்டீவனிடம் சம்மதம் கேட்டு, பெட்டியை வரவழைத்தார். முத்திரையைத் தன் கையால் வெட்டினார். உறையை எடுத்து என்னிடம் தந்துவிட்டுப் புதிய முத்திரை போட்டார். “இதற்கு நான் கையெழுத்துக் கேட்கவில்லை” என்றார்.

ஸ்டீவனைப் பார்க்க ஐந்து நிமிடம் தந்தார்கள். நடுவில் கண்ணாடி. உறையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையசைத்தார்.

“உங்கள் மகள் பாஸ் பண்ணினாளா?” என்று கேட்டார்.

“பண்ணினாள். பி கிடைத்தது.”

“நல்லது” என்றார். “அவளுக்கு ஏ கிடைத்திருக்கவேண்டும்.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அது மன்னித்ததா, கேட்க விரும்பாததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து மணி விமானம் நேரத்துக்குப் போனது.

அதன்பிறகு நான் வேலை செய்த விதம் மாறியது. கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகினேன். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். சட்டத்தில் இடம் இல்லாவிட்டாலும் எழுதினேன். இன்றைக்கு இடம் இல்லாத ஒன்றுக்குப் பத்து வருடத்தில் இடம் வரும், அப்போது முதல் நாள் குறிப்பைத்தான் தேடுவார்கள். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். என்ன சொன்னால் கேஸ் வெல்லும் என்று நீங்கள் முன்கூட்டியே யோசிக்கத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் சொல்வது உங்கள் காதில் விழாது.

அந்த இடம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், வேறொரு நாட்டுப் பெண்களைப் பற்றிய வழக்கில், இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் சமூகக் குழு என்றால் என்ன என்று விரித்துச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பில் ஸ்டீவனைப் போன்றவர்களுக்கும் வழி திறந்தது. நான் அன்றைக்கே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டாம் நாள், மூடிய பேனா, நான் சேர்த்த வரி, பார்த்து எழுதிய வாக்குமூலம், எல்லாம் என் பெயரோடு. அதைச் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். சம்பந்தப்பட்டவர் நாட்டில் இல்லாததால் நடவடிக்கை எடுக்க இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சிவநேசன் பயந்தது போல எங்கள் பெடியளின் கோப்புகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஜிஞ்சாவில் ஸ்டீவன் தந்த முகவரிக்கும் கடிதம் போட்டேன். அவருக்கு மட்டும் விளங்கும் விதமாக, பழைய வேலை பற்றிப் பேசலாம் என்று எழுதினேன். ஐந்து மாதத்தின்பின் நைரோபியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்டீவனின் தங்கை எழுதியிருந்தார். மருத்துவத் தாதி. நாட்டுக்குள்ளிருந்து எழுதப் பயந்து, நைரோபிக்கு வந்த இடத்தில் தபாலில் போட்டதாகச் சொல்லியிருந்தார்.

பீட்டர் தடுப்பிலேயே இறந்துவிட்டார். அது ஸ்டீவன் லண்டனில் இருந்த முதல் வருடத்திலேயே நடந்தது. திரும்பிப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாடசாலை அவரை மீண்டும் சேர்க்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சீவித்தார். இரண்டு வருடம் கழித்து, அவரிடம் படித்த பையன் ஒருவனின் தகப்பன், இவரைப் பற்றிப் பழைய கதை கேள்விப்பட்டு, முறைப்பாடு கொடுத்தார். அந்தப் பையன் தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியும் பொலிஸ் விடவில்லை. விளக்கமறியல் சிறையில் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. அதற்குமுன் காய்ச்சலில் போய்விட்டார். நான் அந்தப் புதிய தீர்ப்பை வாசித்துச் சந்தோஷப்பட்ட நாளில் அவர் இறந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தங்கை என்னிடம் எதையும் குறை சொல்லவில்லை. நான் விமான நிலையத்துக்கு வந்ததை அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அண்ணனைப் பற்றிய உண்மை வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும், லண்டனில் அவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னதைத் தன்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதி, “அங்கே யாராவது அவரை நம்பினார்களா?” என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு கிழமை சென்றது. பல தாள்களைக் கிழித்தேன். கடைசியில் மூன்று வசனம் எழுதி அனுப்பினேன்.

“நான் நம்பினேன். அவர் சொன்ன அன்றைக்கே நம்பினேன். அதை எழுதாமல் விட்டவனும் நான்தான்.”